ஆல்டர்னேட்டரில் குறை இல்லை

ஏப்ரல் 19, சனி

மாலை நாலு மணிக்கு கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்று மட்டும். அப்பா சாப்பாடும் மதியத் தூக்கமும் முடித்து உரக்கடைக்குத் திரும்புகிற நேரம். நானும் அம்மாவும் பின்னாலிருந்து தள்ளினோம். தெருமுனையில் இன்ஜின் பிடித்தது. அப்பா திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் வெளியே நீட்டி அசைத்தார்.

அப்பாவின் அக்கா எங்களோடு இருக்கிறாள். வாசலில் நின்று சொன்னாள்: "பொம்பளையாளு தள்ளி ஓடுத வண்டிய கோவில்பட்டியில இப்பதான் பாக்கேன்."

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கார் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆட்டோ எலக்ட்ரீசியன் துரைப்பாண்டி வந்து பானட்டைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். மூடினார்.

"டைனமோ சார்ஜ் ஏத்தல அண்ணாச்சி. புதுசு போட்டுரலாம்."

ஆல்டர்னேட்டரை இங்கே எல்லோரும் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். பாட்டரி இன்ஜினைக் கிளப்பும். கிளம்பிய இன்ஜின் ஆல்டர்னேட்டரைச் சுற்றும். அது பாட்டரி இழந்ததைத் திரும்ப நிரப்பும். அது சரியில்லை என்றால் பாட்டரி கொடுத்துக்கொண்டே இருந்து ஒருநாள் தீர்ந்துபோகும்.

அப்பா யார் சொன்னாலும் உடனே நம்புகிறவர் இல்லை. "உலகு பாக்கட்டும். படிச்ச பிள்ள, அவ சொன்னா சரியா இருக்கும்" என்றார்.

துரைப்பாண்டி என்னைப் பார்த்தார். "பாப்பா, நீங்க என்ன படிப்பு?"

"தத்துவம்."

"அப்பம் சரி. கரண்டும் கண்ணுக்குத் தெரியாது." மீட்டரை என் கையில் கொடுத்தார். "பொசுக்கிராதிய. அது ஒண்ணுதான் இருக்கு."

அப்பா சிரித்தார். மெட்ராசிலிருந்து ஆய்வை முடிக்காமல் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இப்படி ஏதாவது தருகிறார்.

ஏப்ரல் 21, திங்கள்

இந்த வீட்டில் எழுதலாம், சொல்லக்கூடாது என்று ஒரு பெயர் இருக்கிறது. கோமதி. என் அக்கா. மூன்று வருடத்துக்கு முன் அருள்ராஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஓசூர் போனாள். வேறு சாதி. அப்பா கத்தவில்லை. "அவகூடப் பேசுதவங்க அவ பின்னாலயே போயிரலாம்" என்றார். ஒரே தடவைதான் சொன்னார். மறுநாள் எனக்குப் புது சிம் வாங்கி வந்தார். போட்டுக்கொண்டேன்.

அக்கா கர்ப்பமாக இருப்பதை மெட்ராசில் ஒரு தோழி சொன்னாள். இப்போது ஏழாம் மாதமாக இருக்கும். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள். அழுதால் அத்தை ஏன் என்று கேட்பாள். அத்தை கேட்பது அப்பா கேட்பது மாதிரி.

தெரியாமல் இருப்பது அம்மாவுக்கு நல்லது.

ஏப்ரல் 22, செவ்வாய்

முதல் சோதனை. காலையில், அப்பா கிளம்பும் முன்.

இன்ஜின் ஓடாதபோது பாட்டரி: 11.9 வோல்ட். இளைத்திருக்கிறது. பன்னிரண்டரைக்கு மேல் இருக்க வேண்டும்.

தள்ளாமலே எப்படியோ கிளம்பியது. ஓடும்போது: 14.2.

ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாவற்றையும் போட்டு: 13.9.

எண் கீழே விழவில்லை. பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. ஆல்டர்னேட்டரில் குறை இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை எழுதி வைக்க வேண்டும். கடையில் மூட்டை வாங்க வந்தவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். "எலக்ட்ரீசியன் போச்சுன்னான். எம் மவ நல்லாருக்குன்னா."

பிறகு கேட்டார்: "அப்பம் பாட்டரி ஏன் எறங்குது?"

நல்ல கேள்வி. யோசிக்கிறேன்.

ஏப்ரல் 23, புதன்

அம்மா இன்று புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் செய்தாள்.

"என்ன விசேஷம்?" அப்பா.

"ஒண்ணுமில்ல. பிள்ள மெட்ராஸ்ல கண்டதத் தின்னு வத்திப்போயி வந்திருக்கா. செய்யணும்னு தோணுச்சு."

அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அத்தை பொங்கலில் நெய் போதாது என்றாள்.

அப்பா படுத்ததும் அம்மா ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கார் நிற்கும் கொட்டகைப் பக்கம் போனாள். காக்காய்க்கு என்றாள். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்பும். வளையல்காரர் தெருவில் வந்தாராம். நான் பார்க்கவில்லை.

கண் சிவந்திருந்தது. கொட்டகையில் தூசி அதிகம்.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டாம் சோதனை. சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவே மீட்டரை வைத்துப் பார்த்தேன். நிற்கும் வண்டியில் ஏதாவது ஒயர் வழியாகக் கரண்ட் கசிந்தால் அது காட்டிக்கொடுக்கும். கசிவில்லை. கடிகாரம் எடுத்துக்கொள்வதைத் தவிர ஒன்றுமில்லை.

மதியம் மாடி ஜன்னலில் நின்றேன். கொட்டகையில் காருக்குள் அம்மா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிகளை ஏற்றியிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. சுலோகம் சொல்கிறாள் என்று நினைத்தேன். அத்தையின் தொலைக்காட்சிச் சத்தத்தில் வீட்டுக்குள் ஒன்றும் சொல்ல முடியாதுதான்.

ஒரு கையால் வயிற்றைத் தடவுவது மாதிரி காற்றில் காட்டினாள். சுலோகத்தில் அப்படி வருமா தெரியவில்லை.

ஜன்னலை விட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

இரவுச் சாப்பாட்டில் அப்பா கேட்டார். "கண்டுபிடிச்சியா?"

"கசிவு இல்லப்பா. வண்டி தானா இழக்கல. யாரோ சாவியப் போட்டு உள்ள எதையாவது ஓட விட்டாத்தான் இப்படி எறங்கும்."

வாக்கியம் முடிந்த பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே கேட்டது.

"யாரோன்னா?"

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை. இலையில் ரசம் ஓடியது.

"மறந்துபோய் நீங்களே கூட விட்டிருக்கலாம்" என்றேன்.

"இருக்கும்" என்றார் அப்பா. கை கழுவிவிட்டு ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தார். போய்ப் பூட்டிவிட்டு வந்தார். "இனிமே எங்கிட்டயே இருக்கட்டும்." சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 28, திங்கள்

கார் தினமும் முதல் திருப்பலில் கிளம்புகிறது. பாட்டரி 12.5. அப்பா எனக்கு மிட்டாய்க்கடையிலிருந்து கடலைமிட்டாய் வாங்கி வந்தார். சின்னப் பிள்ளைக்கு வாங்குவது மாதிரி.

அம்மா காலையில் காருக்குப் பக்கத்திலேயே நின்றாள். "சாவியத் தாங்க. உள்ள கூட்டித் தொடச்சுட்டுத் தாரேன்."

"துரைப்பாண்டி சர்வீஸ் விடும்போது தொடப்பான். நீ ஏன் குனியுத?"

கார் போயிற்று. அம்மா கொட்டகையின் வெறுந்தரையைக் கூட்டினாள்.

ஏப்ரல் 30, புதன்

அம்மா சாப்பிடுவதில்லை. அத்தை: "என்னளா, விரதமா?" அம்மா: "ஆமா." எந்தச் சாமிக்கு என்று அத்தை கேட்கவில்லை. கேட்காதது ஆச்சரியம்.

மே 2, வெள்ளி

அளப்பதும் அறிவதும் ஒன்றல்ல என்று முதல் வருடத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல மதிப்பெண்.

மே 3, சனி

அடுக்களையில் அம்மா எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேசினாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"உலகு. எனக்கு ஒரு காரியம் செய்வியா?"

"சொல்லும்மா."

"வண்டிக்குள்ள ஒரு போன் கெடக்கு. முன்சீட்டுக்கு அடியில, மிதியடிக்குக் கீழ. அத எடுத்துத் தரணும்."

"எந்த போன்?"

"மருமகன் வாங்கி அனுப்புனது. கோமுகூடப் பேச."

கத்தி நிற்கவில்லை. நான் எதுவும் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனாள். ஒன்றரை வருடமாக. அப்பா தூங்கும் நேரத்தில். வீட்டில் வைக்க முடியாது; அத்தை பீரோவிலிருந்து அரிசிப் பானை வரை திறப்பாள். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே ஒன்றும் கேட்காது. வேர்த்துக் கொட்டும், அதனால் சாவியைப் பாதி திருப்பி ஏசியின் விசிறிக்காற்றை மட்டும் போட்டுக்கொள்வாள். போனும் அதிலேயே சார்ஜ் ஏறும். அக்கா கர்ப்பமான பிறகு பேச்சு நீண்டுகொண்டே போயிற்று.

"வண்டி ஓடவே இல்லயே உலகு. நின்ன எடத்துல நிக்கு. காத்துதான வருது. அதுல என்ன கொறையப் போகுதுன்னு நெனச்சேன்."

"பாட்டரிலருந்து எடுக்கும்மா."

"இப்பம் தெரியுது."

அந்த ஐந்து சாதமும் அக்காவுக்கு. ஏழாம் மாதம். தாய் வீட்டில் வளையல் போட்டுச் சாதம் ஊட்ட வேண்டும். போனில் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அங்கே அக்கா வளையல் போட, இங்கே அம்மா போட்டுக்கொண்டாள். அம்மா ஊட்டுவது மாதிரி கையை நீட்ட, அங்கே அருள்ராஜ் ஊட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்களாம்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

அம்மா இப்போதுதான் திரும்பினாள். கோபம் இல்லை. உண்மையைச் சொல்கிற முகம்.

"நீ அப்பாட்டச் சொல்லிருவல்லா."

சொல்லிவிட்டேன்தான்.

அந்த போன் ஒரு வாரமாகப் பூட்டிய காருக்குள் இருக்கிறது. கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருகிறது. சத்தத்தை அணைத்து வைத்திருந்தாளாம். அப்பா ஓட்டும்போது பக்கத்து சீட்டுக்கு அடியில் அக்கா கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பாள். சின்ன வெளிச்சம் வந்து வந்து அணைந்திருக்கும்.

மே 4, ஞாயிறு

கடை இல்லை. அப்பாவிடம் சாவி கேட்டேன்.

"நல்லாத்தான ஓடுது?"

"ஒரு தடவ உறுதிப்படுத்திக்கிடுதேன்."

"பாத்தியா அக்கா, இதான் படிப்பு" என்றார் அத்தையிடம். சாவியைத் தூக்கிப் போட்டார். பிடித்தேன்.

மிதியடிக்குக் கீழே, மஞ்சள் துணிப்பைக்குள். செத்துக் கிடந்தது. என் அறையில் சார்ஜ் போட்டேன். திறந்ததும் தவறிய அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. கடைசியில் அருள்ராஜின் செய்தி, வெள்ளிக்கிழமை போட்டது.

"அம்மா, நேற்று ராத்திரி கோமதிக்குத் திடீர்னு வலி வந்து ஆஸ்பத்திரி போனோம். குழந்தை தங்கவில்லை. பெண் குழந்தை. கோமதிக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. இன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். போனை எடுங்கள்."

அம்மாவிடம் கொண்டுபோனேன்.

அதை எழுத வேண்டாம்.

மே 4, அதே நாள், மாலை

எழுதுகிறேன்.

அம்மா அழவில்லை. இரண்டு முறை படித்தாள். போனை எடுத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். அப்பா நாற்காலியில் செய்தித்தாளோடு. அத்தை தொலைக்காட்சிக்கு எதிரே. அம்மா தொலைக்காட்சியை அணைத்தாள். நடுவில் நின்று கூப்பிட்டாள்.

"கோமு. அம்மா பேசுதேன்."

செய்தித்தாள் அசையவில்லை.

"போன் எங்கிட்ட இல்லம்மா. இல்லாமப் போச்சு. இல்லன்னா எடுக்காம இருப்பனா? ... அழு. அழுதுக்கோ. ... பிள்ளையப் பாத்தியா? ... யார் மாதிரி இருந்தா?"

நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி. இப்பம் நான் சொல்லுதத கேளு. பால் கட்டியிருக்கா? ... ரெண்டு பக்கமுமா? கல்லு மாதிரி இருக்கா? ... ஆமா, வலிக்கும். பிள்ள இல்லன்னு அதுக்குத் தெரியாதுல்லா. ... நீ பீச்சிப் பீச்சி விடாத, அது மேல மேல ஊறும். மல்லியப்பூ வாங்கச் சொல்லு. கட்டுன சரம் வேண்டாம், உதிரி. மாருல பரத்தி வச்சு, பழைய வேட்டித் துணியால இறுக்கிக் கட்டு. பால் வத்திரும்."

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்:

"வாட வாட மாத்தச் சொல்லு இசக்கி. ஒரே பூவ வச்சுக்கிட்டே கெடந்தா கேக்காது."

"அத்தை சொல்லுதா, வாடுனா மாத்தணுமாம்" என்றாள் அம்மா போனில். பிறகு: "நான் வாரேன். நாளைக்கு வாரேன்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்ப் பையை எடுத்தாள். மிளகு, பெருங்காயம், பூண்டு. பிள்ளை பெற்ற உடம்புக்கு உரிய மருந்துக்கு வேண்டியதெல்லாம். பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடம்பு பெற்ற உடம்புதான் என்றாள்.

அப்பா செய்தித்தாளை இறக்கவில்லை. பக்கமும் திருப்பவில்லை. அந்தப் பக்கத்தில் டிராக்டர் விளம்பரம் இருந்தது. இருட்டும் வரை அதைப் படித்தார்.

மே 5, திங்கள்

ஓசூரிலிருந்து எழுதுகிறேன்.

விடிந்ததும் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். வாசலில் கார். அப்பா உள்ளே. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குளித்து, இஸ்திரி போட்ட சட்டை.

எங்களைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓட்டுனா பாட்டரி ஏறாது. நீளமா ஒரு ஓட்டம் விடணும். அப்பதான் டைனமோவுக்கு என்னன்னு முழுசாத் தெரியும்."

டைனமோவில் தெரிந்துகொள்ள இனி ஒன்றுமில்லை. அவருக்கும் தெரியும். நான் பின்கதவைத் திறந்தேன். அம்மா ஏறினாள். அத்தை ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு வேட்டியை அம்மா மடியில் போட்டாள். பழையது, துவைத்துத் துவைத்து மெலிந்தது.

"மெதுவாப் போ தம்பி" என்றாள்.

சாத்தூர் தாண்டினோம், விருதுநகர் தாண்டினோம். அம்மா பின்சீட்டில் அக்காவோடு பேசினாள். ஒளிக்காமல், சத்தமாக. "திருமங்கலம் வந்துட்டோம். ... ஆமா, வண்டியிலதான். ... உலகும் வாரா." யார் ஓட்டுகிறார்கள் என்று அக்கா கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

மதுரையில் அப்பா புறவழியை விட்டு விலகினார். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. பூச்சந்தை வாசலில், பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, நடுவழியில் நிறுத்தினார். கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார்.

"உதிரிதான?"

"ஆமா."

இறங்கிப் போனார். வாழையிலையில் பொதிந்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்தார். ஒரு கல்யாணத்துக்குப் போதுமான பூ. என் மடியில் வைத்தார். சேலம் வரை கார் முழுக்க அந்த மணம். கிருஷ்ணகிரியில் என்னால் மூச்சுவிட முடியவில்லை. யாரும் கண்ணாடியை இறக்கவில்லை.

வெயில் சாய்ந்து மங்கும் நேரத்தில் ஓசூர் வந்தோம். அக்காவின் வீடு இரண்டாம் மாடி. அப்பா இறங்கவில்லை.

"நீங்க போங்க. நான் வண்டியத் திருப்பி நிப்பாட்டிட்டு இப்பமே கெளம்புதேன். நாளைக்குக் கட இருக்கு."

அம்மா திரும்பிப் பார்க்காமல் பூவோடு படியேறினாள்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மார்பைத் தொடாதபடி இரண்டு கையையும் விலக்கி வைத்துக்கொண்டு. அந்த ஜாக்கிரதையை நான் மறக்கமாட்டேன். என்னைப் பார்த்து, "முடிய வெட்டிட்டியா?" என்றாள். மூன்று வருடத்தில் முதல் வாக்கியம். ஆமாம் என்றேன். அம்மா கதவைச் சாத்தினாள்.

வெளியே நானும் அருள்ராஜும் நின்றோம். அவர் எனக்கு டீ போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். உள்ளிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தது, நீளமாக. பிறகு அம்மாவின் குரல், சின்னப் பிள்ளையிடம் பேசுவது மாதிரி.

"மாமா கீழயா இருக்காங்க?" அருள்ராஜ் கேட்டார். "நான் போய்க் கூப்பிடட்டுமா?"

"நான் போறேன்."

கார் திரும்பியிருக்கவில்லை. வந்த மேனிக்கே, காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்றது. இன்ஜின் ஓடவில்லை. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே காற்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் தலைமுடி அசைந்தது. நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இன்ஜின் ஓடாமல், விளக்கும் காற்றும் இப்படியே இருந்தால், கொஞ்ச நேரத்தில் பாட்டரி இறங்கிவிடும். பிறகு இன்று யாரும் எங்கேயும் கிளம்ப முடியாது.

கண்ணாடியைத் தட்டுவதற்குக் கையை உயர்த்தினேன்.

தட்டவில்லை. மேலே வந்துவிட்டேன்.

"வாராங்களா?" என்றார் அருள்ராஜ்.

"வண்டியில என்னமோ பாத்துக்கிட்டிருக்காரு" என்றேன். "நேரமாகும். அவருக்கும் சேத்து அரிசி போடுங்க."

இந்த அடுக்களை ஜன்னலிலிருந்து அந்தச் சுவர் தெரிகிறது. சுவரில் விழும் வெளிச்சம் வெள்ளையாக இருந்தது. இப்போது மஞ்சளாகிவிட்டது. மங்கிக்கொண்டு வருகிறது.